ஈசிசி ரேம் போட்டால் மெஷின் மெதுவாகுமா? ஐந்து மாதப் பாவனைக்குப் பிறகு

ஈசிசி என்பது டேட்டாவில் பிழை வந்தால் கண்டுபிடித்துத் திருத்த வழி உள்ள ரேம். சாமான் இதுதான்: சாம்சங் 16 ஜிபி டிடிஆர்4 ஈசிசி யூடிம் (சாதாரண மதர்போர்டில் போடுகிற வகை), 2666 வேகம், இரண்டு துண்டு. புதுசு இல்லை, ஏதோ கம்பனி சர்வரில் இருந்து கழற்றியது. கொழும்பில் இருந்து ஹட்டனுக்கு வந்து சேர இரண்டுக்கும் 27,000 ரூபாய் சில்லறை ஆனது. கடைசிவரை வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த படமோ கணக்கோ உங்கள் மெஷினில் இருந்தால் வாங்குங்கள். கேம் விளையாட மட்டும் என்றால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது பாருங்கள். வேகம் குறையுமா என்றால், குறையும், ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணம் எல்லோரும் நினைப்பது இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் தேர், பாஸ்போர்ட் படம், சீசன் நேரத்தில் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் கார்ட் நிறைந்துபோய் வந்து நின்றால் அதையும் இறக்கிக் கொடுப்பது. மெஷின் ஏஎம்டி ரைசன் 5 3600 சிபியூ, ஏஎஸ்ராக் பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு. பெட்டியில் 3200, சிஎல்16 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ரேம் (சிஎல் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன்). அதை நம்பி பயோஸில் எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் எழுதிய வேகத்தில் ரேமை ஓட்டுகிற செட்டிங்கைப் போட்டுவிட்டு மூன்று வருஷம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

போன வருஷம் போகவந்தலாவைப் பக்கம் ஒரு கல்யாணம். அல்பம் அடித்துக் கொடுத்து மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளைப் பையன் பென்டிரைவோடு வந்து, "அண்ணே, இந்தப் படம் பாதிக்குக் கீழ ரோஸ் கலரா இருக்கு, பாருங்க" என்றான். திறந்தால், லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் முழுச் சொந்தமும் நின்று எடுத்த குரூப் படம். தலைகள் எல்லாம் சரி. நெஞ்சு மட்டத்தில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு, அதற்குக் கீழே பட்டுச்சேலை, வேட்டி, வாசல்படி எல்லாம் ரோஸ், அதுவும் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்து நிற்கிறது. ஜேபெக் படம் சின்னச் சின்னக் கட்டமாகத்தான் கோப்பில் இருக்கும், ஒவ்வொரு கட்டமும் தன் நிறத்தை முந்தின கட்டத்தில் இருந்து இவ்வளவு கூட, இவ்வளவு குறைய என்றுதான் கணக்குப் போடும். நடுவில் ஒரேயொரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால் போதும், அங்கிருந்து கீழே எல்லாம் கோணல். அல்பத்துக்கு எடுக்காத படம் என்பதால் என் கண்ணில் படவே இல்லை.

சரி, பேக்கப்பில் இருந்து எடுத்துக் கொடுப்போம் என்று பார்த்தேன். அங்கேயும் ரோஸ். இரண்டாவது பேக்கப் டிஸ்க்கிலும் ரோஸ். கார்டில் இருந்து இறக்கும்போதே கெட்டுப்போனதைத்தான் நான் பத்திரமாக மூன்று இடத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பையன் ஒன்றும் சண்டை பிடிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று இரவு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராமைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் திரையில் நான்கு சிவப்பு வரி. முதலாவது பிழை வந்ததே ஐந்து மணித்தியாலம் கழிந்த பிறகு. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இரண்டு இரவு ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. அதாவது ரேம் செத்துப்போகவில்லை, 3200இல் ஓட்டும்போது எப்போதாவது ஒரு தடவை தடுமாறுகிறது. எப்போதாவது என்பதுதான் வினை. தினமும் நீலத் திரை வந்தால் முதல் வாரமே பிடித்திருப்பேன்.

இதற்கு நான் மட்டும் ஆள் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021இல் ஈசிசியை சாதாரண மெஷின்களுக்கு வராமல் வைத்ததற்கு இன்டெலைத் திட்டித் தீர்த்தார். அடுத்த வருஷம் அவருடைய சொந்த மெஷினிலேயே ரேம் கெட்டு வேலை தடைப்பட்டது. அந்த மெஷினை அவர் கட்டின நேரம் ஈசிசி கிடைக்காமல் சாதாரண ரேம் போட்டிருந்தாராம். கூகுள் தன்னுடைய சர்வர்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்விலும், ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட ரேம் துண்டுகளில் திருத்தக்கூடிய பிழை ஒன்றாவது வந்திருக்கிறது. அதற்கப்புறம் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாங்கின கதை. கொழும்பில் பழைய சர்வர் சாமான் விற்கிற ஒருவரிடம் போனில் சொன்னேன், பெயர் வேண்டாம். "ஈசிசிதானே தம்பி, இருக்கு" என்று இரண்டு துண்டு அனுப்பினார். கினிகத்தேனை வளைவெல்லாம் தாண்டி பஸ் பார்சலில் வந்தது. போட்டேன். கறுப்புத் திரை. திருப்பிப் போட்டேன், கறுப்பு. அழிறப்பரால் தங்கப் பற்களைத் தேய்த்துப் போட்டேன் (இந்தப் பனிக்கு ஹட்டனில் பாதி ரேம் கோளாறு அழிறப்பரிலேயே போய்விடும், ரிப்பேர்காரனிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்), அப்படியும் கறுப்பு. பிறகு நிதானமாக ஸ்டிக்கரைப் பார்த்தால் எம்393 என்று தொடங்குகிறது. அது ஆர்டிம், சர்வருக்கு மட்டும். டிடிஆர்4இல் இரண்டுக்கும் 288 பின், வெட்டும் ஒரே இடத்தில், அதனால் உள்ளே அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் சாதாரண போர்ட் எழும்பவே எழும்பாது. அடுத்த தலைமுறையான டிடிஆர்5இல் வெட்டையே மாற்றிவிட்டார்கள், புண்ணியம்.

ஆகவே வாங்கும்போது ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாம்சங் என்றால் எம்391 ஈசிசி யூடிம், எம்393 ஆர்டிம், எம்378 ஈசிசி இல்லாத சாதாரணம். வேறு பிராண்ட் என்றால் பிசி4 என்று தொடங்குகிற வரியைப் பாருங்கள். பிசி4-2666வி என்பதற்குப் பிறகு வருகிற எழுத்து இ என்றால் நமக்கு வேண்டியது, ஆர் என்றால் சர்வர், யூ என்றால் சாதாரணம். அதுவும் புரியாவிட்டால் சிப்பை எண்ணுங்கள். சாதாரண ரேமில் ஒரு பக்கத்தில் எட்டு கறுப்புச் சிப் இருக்கும், நமக்கு வேண்டியதில் ஒன்பது. நடுவில் வேறு அளவில் இன்னொரு சிப்பும் இருந்தால் அது ஆர்டிம், விட்டுவிடுங்கள். கடைக்காரர் மாற்றித் தந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பார்சல் காசு இரண்டு தடவையும் என் தலையில்.

சரியான துண்டு வந்ததும் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். போர்டில் நான்கு ஸ்லொட் இருக்கிறது, பழைய 16 ஜிபியை ஏன் வீணாக்க வேண்டும், சேர்த்தால் 48 ஆகும் என்று எல்லாவற்றையும் செருகினேன். மெஷின் எழும்பியது. 48 காட்டியது. சந்தோஷமாக அளந்து பார்த்தால் ரேம் ஓடுவது 2400இல்! பழைய ரேமின் பெட்டியில் இருந்த 3200 எக்ஸ்எம்பி போட்டால்தான், அது இல்லாமல் அதன் சொந்த வேகம் 2400, சிஎல்17. புதுசு 2666இல் ஓடத் தயாராக இருந்தாலும் எல்லாத் துண்டும் ஒரே வேகத்தில்தான் ஓட வேண்டும். கினிகத்தேனை ஏற்றத்தில் முன்னால் கொழுந்து லொறி போனால் பின்னால் வருகிற பஸ், கார், ஆட்டோ எல்லாம் லொறி வேகம்தானே, அதே கதை. வேகத்தை விடுங்கள், ஈசிசியும் வேலை செய்யவில்லை. ஒரு துண்டில் ஒன்பதாவது சிப் இல்லாவிட்டாலும் முழுதுக்கும் ஈசிசி அணைந்துவிடும். காசு கொடுத்து வாங்கின சாமானை நானே சும்மா ஆக்கி வைத்திருந்தேன். இருக்கிற ரேமோடு ஈசிசியைச் சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பந்தியையாவது மறக்காதீர்கள்.

பழசைக் கழற்றி அக்கா மகனிடம் கொடுத்தேன். ஈசிசி இரண்டும் மட்டும், 2666, சிஎல்19.

இனி லேட்டன்சி கணக்கு, அதாவது கேட்டது வந்து சேர ஆகிற தாமதம். சிஎல் என்பது நேரம் இல்லை, கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கை. ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் என்பது வேகத்தைப் பொறுத்தது. அதனால் சிஎல்லை இரண்டாயிரத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நனோசெக்கன் கிடைக்கும். பழைய ரேம் 3200, சிஎல்16 என்றால் 10 நனோசெக்கன். ஈசிசி 2666, சிஎல்19 என்றால் 14.25. காகிதத்தில் பார்த்தால் பயங்கரமான இடைவெளி, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆனால் அது ரேம் துண்டுக்குள் நடக்கிற ஒரு கட்டம் மட்டும். சிபியூ கேட்டு, கேட்டது பஸ் ஏறிப் போய், திரும்பி வந்து கையில் சேருகிற முழு நேரத்தை ஐடா என்கிற அளக்கும் புரோகிராமில் அளந்தால், என் மெஷினில் பழசு 77 நனோசெக்கன், நான்கும் கலந்து போட்டபோது 98, ஈசிசி மட்டும் 90. ரைசனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிபியூவுக்குள் இருக்கிற இணைப்புப் பாதையும் ரேமின் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடும், 3200 என்றால் 1600 மெகாஹேர்ட்ஸ், 2666 என்றால் 1333. ரேம் மெதுவானால் உள்வீட்டுப் பாதையும் மெதுவாகும். ரைசன்காரர்கள் ரேம் வேகத்துக்கு இவ்வளவு அடித்துக்கொள்வது அதனால்தான்.

என் வேலையில் இது என்ன செய்தது? 400 ரோ படத்தை (கமராவின் மூலக் கோப்பு) லைட்ரூமில் இருந்து ஜேபெக்காக வெளியே எடுக்க முன்பு 11 நிமிஷம் 20 செக்கன், இப்போது 11 நிமிஷம் 50 செக்கன். அந்த அரை நிமிஷத்தில் நான் பிளேன்டீயில் சீனி கலக்கிக்கொண்டிருப்பேன். 16 ஜிபி 32 ஆனதால் போட்டோஷொப்பில் பெரிய அல்பப் பக்கம் திறக்கும்போது டிஸ்க் கரகரப்பது நின்றது, அது இந்த அரை நிமிஷத்தை விட எவ்வளவோ மேல். கேம் வேறு கதை. அக்கா மகன் என் மெஷினில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிட்டு, "மாமா, காசு குடுத்து ஸ்லோவாக்கியிருக்கீங்களே" என்று சிரித்தான். அவன் சொன்னது அவனுக்கு உண்மைதான்.

ஆனால் மெதுவாக்கியது ஈசிசி இல்லை. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சாதாரண ரேமில் இருந்து சிபியூவுக்கு 64 பிட் ஒரே நேரத்தில் போகும். ஈசிசியில் 72, அந்த எட்டுச் சரிபார்ப்புப் பிட்டும் தனிக் கம்பியில் பக்கத்திலேயே கூடவே போகும், பின்னால் வரிசையில் நிற்பது இல்லை. சரிபார்ப்பது சிபியூவுக்குள் இருக்கிற மெமரி கொன்ட்ரோலர், அதற்கு ஆகிற நேரம் என் அளவையில் தெரியக்கூட இல்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஒரு தடவை நிறுத்து எழுதி, ஸ்டோரில் திரும்ப நிறுத்தால் குறைந்திருக்கிறது என்று தெரியும், எந்தச் சாக்கில் குறைந்தது என்று தெரியாது. இந்த எட்டுப் பிட்டும் எந்தச் சாக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லும், அதனால் அங்கேயே திருத்திவிடலாம். ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் திருத்தாது, கண்டுபிடித்துச் சத்தம் போடும். பெல் ஆய்வுகூடத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் மெஷினில் போட்டுவிட்டுப் போன கணக்கெல்லாம் பிழையால் பாதியில் நின்றுபோகிற எரிச்சலில் யோசித்து 1950இல் எழுதியதுதான் இதற்கு மூலம். திங்கட்கிழமை காலையில் மெம்டெஸ்ட் திரையைப் பார்த்த எனக்கு அந்த மனிதரின் எரிச்சல் நன்றாகப் புரிகிறது.

அப்போ ஏன் மெதுவு? ஈசிசி துண்டுகளை சர்வர்காரர்களுக்காகச் செய்கிறார்கள். அவர்களுக்கு 1.2 வோல்ட், ரேமுக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பு எழுதி வைத்த நிதானமான எண், அவ்வளவுதான் வேண்டும். 2400 என்றால் சிஎல்17, 2666 என்றால் சிஎல்19, 3200 என்றால் சிஎல்22. எக்ஸ்எம்பி, 1.35 வோல்ட், மினுங்குகிற தகடு எல்லாம் கேம்காரர்களுக்கு. அதே சிப் இரண்டு சட்டை போட்டு வருகிறது. 3200 என்று எழுதிய ஈசிசி வாங்கினாலும் சிஎல்22 என்றால் 13.75 நனோசெக்கன், என்னுடைய 14.25இல் இருந்து அரை நனோதான் இறங்குகிறது. லேட்டன்சிக்காக மட்டும் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு போகிற டேட்டாவின் அளவு கூடும், அது உண்மை, இரண்டு துண்டும் சேர்ந்து ஓடுகிற இரட்டைச் சனலில் 42.7இல் இருந்து 51.2 ஜிகாபைட் ஒரு செக்கனுக்கு, காகிதக் கணக்கில்.

ஈசிசி உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்காமல் நம்பாதீர்கள். சில போர்ட் ஈசிசி ரேமை ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒன்பதாவது சிப்பைக் கண்டுகொள்ளாது. ரைசனிலும் பெயரின் கடைசியில் ஜி போட்ட சிப்களில் புரோ இல்லாதவற்றுக்கு ஈசிசி கிடையாது. இன்டெலில் 12ஆம் தலைமுறையில் இருந்து பல சிப்கள் ஏற்கும், ஆனால் டபிள்யூ680 போன்ற போர்ட் வேண்டும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும். நான் லினக்ஸில் மெஷின் விவரம் காட்டுகிற டிஎம்ஐடீகோட் ஓட்டிப் பார்த்தேன். மொத்த அகலம் 72, டேட்டா அகலம் 64 என்று இரண்டும் வேறு வேறாக வந்தது. ஆனால் அது துண்டைப் பற்றி மட்டும் சொல்வது, திருத்தம் நடக்கிறதா என்பதற்கு ஈடாக் எண்ணியைப் பார்க்க வேண்டும். திருத்தின பிழை எத்தனை என்று அது எண்ணி வைக்கும்.

அந்த எண்ணி இருப்பதால்தான் நான் துணிந்து வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். என் துண்டுகளில் இருப்பது சாம்சங்கின் பழைய பி-டை சிப், ஓவர்கிளொக் செய்கிறவர்கள், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள் தேடித் தேடி வாங்குகிற சாதி. 1.35 வோல்ட் கொடுத்து 3200, சிஎல்16இல் வைத்தேன். விண்டோஸ் எழும்பியது, எல்லாம் நன்றாகவே ஓடியது, இரவு முழுக்க லினக்ஸில் ஓட்டின மெமரி டெஸ்டும் சுத்தம் என்று சொன்னது. காலையில் எண்ணியைப் பார்த்தால் 7. அதாவது ஏழு தடவை பிட் புரண்டிருக்கிறது, டெஸ்ட் புரோகிராமுக்குத் தெரிவதற்கு முன்பே திருத்தப்பட்டும் இருக்கிறது. ஈசிசி ஓடும்போது சாதாரண டெஸ்டின் சுத்தம் என்ற வார்த்தையை நம்ப முடியாது, எண்ணிதான் சாட்சி. இதே வேகத்தில் பழைய ரேம் இருந்திருந்தால் அந்த ஏழில் ஒன்று யாருடைய கல்யாணத்தில் போய் விழுந்திருக்குமோ. சிஎல்18க்குத் தளர்த்தினேன், 11.25 நனோசெக்கன். ஐடாவில் 79, பழைய 77க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஏற்றுமதி நேரமும் பழையபடி 11 நிமிஷம் 25 செக்கன். தகடு இல்லாத வெறும் துண்டு சூடாகுமே என்று கேட்டார் ஒருவர். டிசம்பரில் ஹட்டனில் ஸ்டூடியோ நடத்திப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்றேன்.

இரவு பேக்கப் லினக்ஸில்தான் ஓடுகிறது. காலையில் விண்டோஸுக்கு மாறும் முன் எண்ணியைப் பார்த்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறேன். மெஷினை அணைத்தால் எண்ணியும் பூச்சியத்துக்குப் போய்விடும், அதனால் குறிக்காவிட்டால் பிரயோசனம் இல்லை. சிஎல்18க்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்கப் பூச்சியம்.

உயரமான இடத்தில் விண்வெளிக் கதிர் கூட வரும், அதனால் ரேம் பிழை கூடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பொய் இல்லை, மலை ஏற ஏற நியூத்திரன் கூடும், ஹட்டனே 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868. ஆனால் நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கதிரில் நல்ல பங்கு மேலேயே திருப்பப்பட்டுவிடும். என் ரேம் கெட்டது வானத்தில் இருந்து இல்லை, எக்ஸ்எம்பியால். அதைவிட நம் பக்கத்தில் பெரிய எதிரி கரண்ட். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்தக் காலத்தில் எனக்குப் போன டிஸ்க் இரண்டு. மழைக்காலத்து இடியைச் சொல்லவே தேவையில்லை. கையில் யூபிஎஸ் இல்லாமல் ஈசிசி வாங்குவது, தகரம் ஒழுகுகிற லயத்தில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. முதலில் அதை வாங்குங்கள்.

டிடிஆர்5இல் ஏற்கெனவே ஈசிசி இருக்கிறதே, எதற்குத் தனியாக என்று கேட்பவர்களுக்கு: அது சிப்புக்குள் நடக்கிற திருத்தம். சிப்பை விட்டு வெளியே வந்து சிபியூவுக்குப் போகிற வழியில் நடப்பதை அது பார்க்காது, எத்தனை திருத்தினேன் என்று நம்மிடம் சொல்லவும் செய்யாது. எண்ணி இல்லாத ஈசிசி எனக்கு வேண்டாம்.

இன்னும் இரண்டு துண்டு வாங்கி 64 ஆக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது, வீடியோ வேலை கூடுகிறது. ஆனால் இரண்டு பக்கமும் சிப் உள்ள துண்டு நான்கு போட்டால் இந்த ரைசனுக்கு ஏஎம்டி உத்தரவாதம் தருகிற வேகம் 2666தான், இவ்வளவு பாடுபட்டு எடுத்த 3200 போய்விடலாம். அதனால் இப்போதைக்கு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை போனில் இல்லை, எம்391 என்று பேப்பரில் பெரிதாக எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.